தப்பில்லாத தாள்

செவ்வாய்க்கிழமை வாங்கிய தாளை வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். பாலிடெக்னிக்கில் கட்டிட வரைபடம் நடத்துகிற டீச்சர் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அந்தத் தாளில் கட்டாயம் ஒரு தப்பு இருக்கும். அவரே உட்கார்ந்து யோசித்துப் போட்ட தப்பு. ஒரு வாரம் படிக்கட்டின் கடைசிப் படி மட்டும் மற்றவற்றைவிட இரண்டு அங்குலம் உயர்ந்திருக்கும். ஒரு வாரம் குளியலறைக் கதவைத் திறந்தால் பாதியில் குழாயில் இடித்து நிற்கும். இன்னொரு வாரம் ஒவ்வோர் அளவும் சரியாகவே தெரியும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் வீடு மனையைத் தாண்டி ஒரு முழம் தெருவுக்கு வந்திருக்கும். தப்பைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, அப்படியே கட்டினால் என்ன ஆகும் என்று நாலு வரி எழுத வேண்டும். பக்கத்துப் பையன் தாளைப் பார்க்கக் கூடாது.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'தப்பு மேடம்'. அது அவருக்கும் தெரியும்.

"சரியானதைச் சொல்லிக் குடுத்தா போதாதா மேடம்?" என்று வருடா வருடம் யாராவது ஒருவர் கேட்பார்.

"சரியானதைக் குடுத்தா அப்படியே பாத்து வரைஞ்சிடுவீங்க. பாத்து வரைஞ்சவன் கட்டின வீட்ல நான் கால் வைக்க மாட்டேன்" என்பார் டீச்சர்.

அவர் குடியிருந்தது கட்டி முடிக்காத வீட்டில்; தெருப் பக்கத்து முன் அறை தளம் போடாமல் வெறும் சுவராக நின்றது. கீழ்த்தளத்தில் அண்ணன் தம்பி இருவர் குடும்பமும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அண்ணன், அதாவது டீச்சரின் கணவர், பஸ் டிரைவர். விடிவதற்கு முன் வண்டி எடுக்கப் போய்விட்டு மத்தியானம் இரண்டு மணிக்குத் தூக்கக் கண்ணோடு வருவார். தம்பி கொத்தனார். பதினைந்து வருடம் இன்னொரு மேஸ்திரியின் கீழ் சுவர் எழுப்பியும் பூசியும் கை தேய்ந்தவர். போன வருடம்தான் தனியாகப் பிரிந்து தானே மேஸ்திரி ஆகியிருந்தார். தன் குடும்பத்துக்கென்று மேலே இரண்டு அறை கட்டிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி துணி தைப்பவள். நடு அறையில் பகலிலும் டியூப்லைட் போட்டுக்கொண்டுதான் தைக்க வேண்டும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுகிற நாளில் சாயங்காலம் கண்ணில் நீர் வழியும். மேலே அறை எடுக்கலாம் என்று பேச்சு வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"தெருப் பக்கம் ஒரு பால்கனி வேணும். நாலடி போதும். மிஷினையும் என்னையும் வெளிச்சத்துல போட்டுட்டா நான் வேற எதுவும் கேக்க மாட்டேன்."

நாலடி வெளியே நீட்டுகிற தளத்தை மேஸ்திரி அதுவரை தன் பொறுப்பில் போட்டதில்லை. "அண்ணி, நீங்களே வரைஞ்சு குடுத்துடுங்க" என்றார். அதற்கு ஒரு காரணம் உண்டு. மேலே ஏறும் படியை அவர் அளக்காமல் கண் மதிப்பில் கட்டியதில், பாதி ஏறும்போது எல்லார் தலையும் உத்தரத்தில் இடித்தது. மூன்று படியை உடைத்துத் திரும்பக் கட்டினார். அன்றைக்கு டீச்சர் சொன்னார்: "காகிதத்துல என்ன இருக்கோ அதை மட்டும் செய்ங்க தம்பி. ஒரு நூல்கூட மீறாதீங்க." அதிலிருந்து அவர் வரைபடத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். சாப்பிடும்போதுகூட எடுத்துப் பார்ப்பார்.

டீச்சர் பால்கனியை வரைந்தது ஒரு திங்கட்கிழமை. திருத்த வேண்டிய பரீட்சைத் தாள் மலையாகக் கிடந்தது. மறுநாளைக்கு வகுப்புக்குத் தப்புத் தாள் வேறு தயார் செய்ய வேண்டும். இதையே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. சரியான படத்தை ஒரு பிரதி எடுத்தார். பிறகு ஒரே ஓர் இடத்தை மாற்றி நாற்பது பிரதி எடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி வகுப்பு. வானம் மூடிக்கொண்டிருந்தது, வகுப்பில் விளக்குப் போட்டிருந்தார்கள். பெரும்பாலான தாள்களில் சிவப்பு வட்டம் சரியான இடத்தில் விழுந்திருந்தது. ஒரு பையன் எழுதியிருந்ததை டீச்சர் உரக்கப் படித்தார்: "'பால்கனியில் கம்பி கீழ்ப்பக்கம் போட்டிருக்கிறது. மேல்பக்கம் இருக்க வேண்டும். இப்படிக் கட்டினால் மாப்பிள்ளை பார்க்க வருகிற அன்றைக்கு எல்லாரும் ஏறி நிற்கும்போது விழும்.' ஏன்டா, மத்த நாள் விழாதா?"

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்துக்கொண்டே கையை முன்னால் நீட்டினார். "வாளி நிறையத் தண்ணியை இப்படித் தூக்கிப் பிடிங்க. எங்க இழுக்குது? தோளுக்கு மேல்பக்கம். வெளிய நீட்டிட்டு நிக்கிற தளமும் அப்படித்தான். மேல்பக்கம்தான் பிளக்கப் பார்க்கும். அங்கதான் கம்பி பிடிச்சுக்கணும்."

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். படம் வரையும்போது காகிதம் ஓட்டையாகும் வரைக்கும் அழித்து அழித்துப் போடுவதால் அவளுக்கு 'ரப்பர்' என்று பெயர்.

"மேடம், என் தாள்ல தப்பு இல்ல."

மறுபடியும் சிரிப்பு. ஒருவன், "அவளே அழிச்சு சரி பண்ணியிருப்பா மேடம்" என்றான்.

"நான் தொடவே இல்ல மேடம்." அவள் தாளைத் தூக்கிக் காட்டினாள். "மூணு நாளா பாத்துட்டேன். எல்லா அளவையும் கூட்டிப் பாத்தேன். கதவு, ஜன்னல், சுவர் கனம் எல்லாம் பாத்தேன். ஒண்ணும் கிடைக்கல. காலையில எல்லாரும் கம்பி கீழ, கம்பி கீழன்னு பேசிக்கிட்டாங்க. என்னோடதுல மேலதான் இருக்கு. வெறும் தாளைக் குடுத்தா நான் வேலையே செய்யலன்னு நினைப்பீங்க. ஆனா இதுல தப்பு இல்ல மேடம்."

"கொண்டா."

டீச்சர் தாளை வாங்கி ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்தார். அழித்த தடம் எதுவும் இல்லை. கம்பி மேலே ஓடி, சுவரைத் தாண்டி, அறைத் தளத்துக்குள் ஆறடி போய் மடங்கியிருந்தது. அவர் வீட்டுக்கென்று வரைந்த படம் அதுதான்.

பழைய பிரிண்டரில் முதலில் வந்த தாள் அடியில் கிடக்கும். அந்த வாரம் புது மிஷின் வந்திருந்தது. அது தாளைக் கவிழ்த்துப் போடும். தாள்கட்டை எடுத்துத் திருப்பினால் முதல் தாள் மேலே வந்துவிடும், தப்புத் தாள் அடியில் போய்விடும். டீச்சர் பழைய பழக்கத்தில் அடித்தாளை உருவிப் பையில் வைத்துக்கொண்டு போய், செவ்வாய்க்கிழமை காலை அவசர அவசரமாகக் கொழுந்தன் கையில் கொடுத்திருந்தார். பிரித்துப் பார்க்கவில்லை.

இன்றைக்கு அந்தத் தளத்துக்குக் கான்கிரீட் போடுகிற நாள்.

கொழுந்தனுக்குப் போன் செய்தார். அடித்துக்கொண்டே இருந்தது. கலவை மிஷின் சத்தத்தில் கேட்டிருக்காது. ஓரகத்திக்குச் செய்தார். அவளுடைய ஐந்து வயது மகள் எடுத்தாள்.

"பெரியம்மா, அம்மா முட்டை அவிக்கிறாங்க. அப்பா மேல இருக்காங்க. நிறைய மாமா வந்திருக்காங்க."

"கண்ணு, அம்மாகிட்ட போனைக் குடு."

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

டீச்சர் ரப்பரைப் பார்த்தார். "உன்கிட்ட வண்டி இருக்குல்ல?"

"இருக்கு மேடம்."

"எடு."

வழியில் சிக்னலில் நிற்கும்போது ரப்பர், "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா மேடம்?" என்று கேட்டாள். "நீ ஒண்ணும் தப்பு பண்ணல. பச்சை விழுந்துடுச்சு, போ" என்றார் டீச்சர்.

தெருமுனையிலேயே மிக்சர் உருளும் சத்தம் கேட்டது. வீட்டுக்கு முன்னால் மணலும் ஜல்லியும் பாதி கரைந்திருந்தன. ஏணியில் வரிசையாக ஆட்கள் நின்று சட்டி சட்டியாகக் கலவையை மேலே கைமாற்றினார்கள். காலையில் மிஷின் கிளம்ப மறுத்ததால் ஒன்பது மணிக்குத்தான் ஆரம்பித்திருந்தார்கள். ஆரம்பித்தது தெருப் பக்கத்திலிருந்து. பால்கனி முழுக்கப் போட்டு மட்டப்பலகையால் இழுத்தும் ஆகிவிட்டது. அறைத் தளத்தில் பாதி வந்திருந்தார்கள்.

டீச்சர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியேறினார். கொழுந்தன் முழங்கால் வரை சிமெண்டோடு நின்றிருந்தார். அண்ணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்கண்ணி. லீவு போட்டுட்டீங்களா? பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு."

"தம்பி, மிஷினை நிறுத்தச் சொல்லுங்க."

"என்ன?"

"நிறுத்தச் சொல்லுங்க."

சத்தம் அடங்கியது. ஏணியில் இருந்தவர்கள் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தார்கள். டீச்சர் ரப்பரின் தாளை நீட்டினார். மேஸ்திரி ஈரக் கையைச் சட்டையில் துடைத்து, தன் பையிலிருந்த தாளையும் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதிக நேரம் பார்த்தார்.

"இது மேல இருக்கு."

"ஆமா. அதுதான் சரி."

"அப்ப என்கிட்ட இருக்கிறது?"

"பிள்ளைங்களுக்குத் தப்பு கண்டுபிடிக்கக் குடுத்தது. மாறிப் போச்சு. நான்தான் மாத்திக் குடுத்துட்டேன்."

அவர் தாளைப் பார்த்தபடியே சொன்னார்: "கம்பிக்காரர் சொன்னாரு அண்ணி. நேத்து முந்தாநாள் ரெண்டு நாளும் சொன்னாரு. மேல போடணும் மேஸ்திரி, இது உக்காந்துடும்னாரு. நான்தான், எங்க அண்ணி காலேஜ்ல இதைத்தான் சொல்லிக் குடுக்குறாங்க, அவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமான்னு கேட்டேன். நானே மனசுக்குள்ள யோசிச்சேன், எங்கயோ இடிக்குதேன்னு. அப்புறம் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. காகிதத்தை மீறாதேன்னு."

டீச்சர் அந்தத் தப்புத் தாளை அவர் கையிலிருந்து வாங்கி மடித்தார்.

ஓரகத்தி படியின் மேல் நின்றிருந்தாள். கையில் அவித்த முட்டைப் பாத்திரம். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"அக்கா, அந்தத் தப்பு வேணும்னே போட்டதா?"

"பிள்ளைங்களுக்காகப் போட்டேன்மா."

"வேணும்னேதான?"

"ஆமா."

"என் பொண்ணு இங்கதான் நின்னு விளையாடியிருப்பா" என்றாள் அவள். குரல் உயரவில்லை. பாத்திரத்தைச் செங்கல் அடுக்கின் மேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

மேற்கே இடி கேட்டது. மேஸ்திரி வானத்தைப் பார்த்தார். பிறகு பால்கனியின் ஓரத்துக்குப் போய்க் கட்டைவிரலால் கலவையை அழுத்தினார். விரல் பாதிதான் உள்ளே போனது.

"ஒரு மணி நேரம் ஆச்சு. இன்னும் ஒரு மணி நேரம் போனா உளி வச்சு உடைக்கணும்" என்றார். ஆட்களைப் பார்த்தார். அவர்கள் முன்னால் இந்தப் பேச்செல்லாம் நடந்ததில் அவர் காது சிவந்திருந்தது. ஆனால் குனிந்து மண்வெட்டியை எடுத்தது அவர்தான். கண்ணாடி மாதிரி இருந்த இடத்தில் முதல் வெட்டைப் போட்டார்.

"பால்கனி பூரா அள்ளு. அறைக்குள்ள ஆறடிக்கும் அள்ளு. கம்பியை வளைச்சுடாதீங்கப்பா. அள்ள அள்ளத் தண்ணி விட்டுக் கழுவுங்க. அண்ணி, கம்பிக்காரர் வந்தாத்தான் ஆகும். நான் கூப்பிட்டா வரமாட்டாரு."

கம்பிக்காரரின் வீடு மூன்று தெரு தள்ளி. கம்பி கட்டுகிற கொக்கியை எந்நேரமும் காதில் செருகியிருப்பதால் எல்லாரும் அவரைக் 'கொக்கி' என்றுதான் கூப்பிடுவார்கள். தளம் போடுகிற அன்றைக்குக் கம்பி கட்டினவர் பக்கத்தில் நிற்பது வழக்கம். அவர் நிற்கவில்லை. வாசலில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து, எண்ணெய்க் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"நீங்க சொன்னதுதான் சரி. படத்துல தப்பு. என் தப்பு. போட்டதை அள்ளிட்டு இருக்காங்க. நீங்க வரணும்" என்றார் டீச்சர்.

அவர் சங்கிலியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"மேஸ்திரிகிட்ட ரெண்டு தடவை சொன்னேன்."

"சொன்னாரு. அப்ப நான் இருந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்."

"நீங்க இருந்திருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன் டீச்சரம்மா" என்றார் அவர், ரொம்ப சாதாரணமாக. "மேஸ்திரி நம்ம ஆளு, திட்டினா திருப்பித் திட்டலாம். உங்ககிட்ட எப்படிச் சொல்றது? நமக்குத் தெரியாம ஏதோ புதுசா வந்திருக்கும்போலன்னு கட்டிக் குடுத்துட்டுப் போயிருப்பேன். கட்டும்போதே எனக்கு அப்படி ஒரு நினைப்பு ஓடுச்சு. ராத்திரி பூரா தூக்கம் வரல, அது வேற விஷயம்."

வண்டியின் மேல் உட்கார்ந்திருந்த ரப்பர் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். கொக்கி காதில் இருந்தது.

அவர்கள் திரும்பி வந்தபோது தெருவில் கலவை ஈரக் குவியலாகக் கிடந்தது. எட்டுப் பேர் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தார்கள். கம்பிக்கு அடியில் மண்வெட்டி போகாத இடத்தில் கையால் தோண்டினார்கள். டீச்சரும் ஒரு சட்டியை எடுத்தார். "நீங்க வேண்டாம் டீச்சரம்மா, கை வெந்துடும்" என்று ஒரு சித்தாள் சொன்னாள். பிறகு அவளே பழைய துணியைக் கிழித்து இரண்டு கைக்கும் சுற்றிவிட்டாள். ரப்பரிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் குழாயை இழுத்து வந்து கம்பிகளைக் கழுவ ஆரம்பித்தாள். முறுக்குகளின் இடுக்கில் ஒட்டியிருந்த சிமெண்டை நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கழுவினாள்.

"ஏம்மா, கம்பியையும் தேய்ச்சு ஓட்டை போட்டுடாத" என்றார் கொக்கி. அவளுடைய பெயர்க் கதை அவருக்குத் தெரியாது. அவள் மட்டும் சிரித்தாள்.

புதுக் கம்பி பதினெட்டு வெட்டினார்கள். கொக்கி ஒவ்வொன்றையும் மேலே தூக்கி நிறுத்தி, அது மிதிபட்டுக் கீழே இறங்காமல் இருக்க அடியில் முக்காலி மாதிரி வளைத்த கம்பித் துண்டுகளை முட்டாகக் கொடுத்தார். காதிலிருந்து கொக்கியை எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் கட்டுக்கம்பி முறுக்கிக்கொண்டது. ரப்பர் தாளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினாள். பன்னிரண்டாவது கம்பியில் நிறுத்தினாள்.

"அண்ணே, இது உள்ள ஆறடி போகல. அஞ்சேகால்தான் இருக்கு."

அவர் கைமுழத்தால் அளந்தார். "ஆமா. வெட்டினவன் தூங்கிட்டான்" என்று சொல்லிவிட்டு அதை உருவி எறிந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. "மிச்சத்தையும் பாரும்மா" என்றார்.

இரண்டு மணிக்கு டிரைவர் வந்தார். தெருவில் குவியலையும் மேலே மனைவியையும் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். "சரி" என்று மட்டும் சொல்லி, சீருடையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு ஏணி வரிசையில் போய் நின்றுகொண்டார். டீச்சருக்கு அந்த நேரத்தில்தான் கண் கலங்கியது. முகத்தைத் துடைக்கப் போய்ச் சிமெண்ட் கன்னத்தில் அப்பியது.

தூறல் போட்டபோது தார்ப்பாயை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். மூன்று மணி வரை பெய்து விட்டுவிட்டது. மிக்சர் மறுபடி உருண்டது. அறைத் தளத்தில் வெட்டி நிறுத்திய விளிம்பில் சிமெண்ட் பாலை ஊற்றி, புதுக் கலவையைப் பழையதோடு சேர்த்துக் குத்தினார்கள். ஓரகத்தி மேலே வரவில்லை. ஆனால் தேநீர் வந்தது, ரொட்டி வந்தது, எண்ணிக்கை குறையாமல் வந்தது. டீச்சருக்கும் ஒரு தம்ளர் இருந்தது. இருட்டுவதற்குள் பால்கனியை இழுத்து முடித்துவிட வேண்டுமென்று மேஸ்திரி கடைசி ஒரு மணி நேரம் யாரையும் மூச்சுவிட விடவில்லை.

திங்கட்கிழமை டீச்சர் வகுப்பில் நடந்ததை நடந்தபடி சொன்னார். பிரிண்டர், அடித்தாள், கொழுந்தன், கம்பிக்காரர் சொன்னது, எல்லாம்.

"நாப்பது பேரை ஒவ்வொரு கோடா பாக்கச் சொல்லிட்டு நான் ஒரு தாளைப் பாக்கல. அது ஒண்ணு. இன்னொண்ணு, தப்பு இருக்குன்னு சொல்லிக் குடுத்தா நீங்க எல்லாரும் கண்டுபிடிச்சிடுறீங்க. சொல்லாம குடுத்தா? வெளிய போனா யாரும் சொல்லிக் குடுக்க மாட்டாங்க. கம்பிக்காரருக்குத் தப்பு தெரிஞ்சுது. சொல்றதுதான் கஷ்டமா இருந்துது."

அந்த வாரத்திலிருந்து முறையை மாற்றினார். நாற்பது தாளில் சிலவற்றில் தப்பே இருக்காது. எத்தனையில் என்று சொல்ல மாட்டார். தப்பு கிடைக்காதவர்கள் அடியில், 'முழுக்கப் பார்த்தேன். இதில் தப்பு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் வெள்ளிக்கிழமை அப்படிக் கையெழுத்துப் போட்டது இரண்டே பேர். பதினொரு பேர் இல்லாத தப்பைக் கண்டுபிடித்து வட்டம் போட்டிருந்தார்கள்.

வீட்டில் ஓரகத்தி பேசவில்லை. சண்டை என்று சொல்ல முடியாது. ஒரே அடுப்பில் இருவரும் சமைத்தார்கள். டீச்சருக்கு வேண்டியது தட்டில் வந்தது, துணி மடித்து வந்தது. வார்த்தை மட்டும் வரவில்லை. "பெரியம்மாகிட்ட உப்பு தீந்துடுச்சுன்னு சொல்லு" என்பாள் மகளிடம், டீச்சர் ஒரு கை தூரத்தில் நிற்கும்போது. குழந்தை மும்முரமாக இரண்டு அடி நடந்து வந்து, "பெரியம்மா, உப்பு தீந்துடுச்சாம்" என்று சொல்லிவிட்டுப் பதிலை வாங்கிக்கொண்டு போகும். அதற்கு அந்த விளையாட்டு பிடித்துப்போனது.

டீச்சர் ஒரு நாள் நேரே கேட்டுவிட்டார். "நீ என்னைத் திட்டிடும்மா. எனக்கு அது சுலபம்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தலை நிமிரவில்லை. மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

நாலு வாரம் தாண்டி வந்த ஞாயிற்றுக்கிழமை, தளத்தைத் தாங்கி நின்ற முட்டுகளைப் பிரித்தார்கள். அதற்குள் மேலே அறைச் சுவரும் கதவு நிலையும் எழும்பியிருந்தன. கொக்கி வேலைக்கென்று கூப்பிடாமலே வந்தார். டிரைவர் லீவு போட்டிருந்தார். ரப்பர் வண்டியை எதிர் வீட்டுச் சுவரோரம் நிறுத்திவிட்டு நின்றாள். மேஸ்திரி பால்கனி விளிம்புக்கு நேர் கீழே ஒரு கழியை நட்டு, அதன் நுனிக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டிருந்தார். தளம் இறங்கினால் இடைவெளி குறையும்.

"வெளி ஓரத்திலிருந்து உள்ள வாங்க. உள்ளிருந்து ஆரம்பிச்சா ஓரத்து முட்டுல பாரம் ஏறும்" என்றார் கொக்கி.

"தெரியும்" என்றார் மேஸ்திரி. பிறகு, "சொல்லுங்க, நல்லதுதான்" என்றார்.

முதல் முட்டைத் தட்டிச் சாய்த்தார். இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் பிறகு அவர் கழியின் நுனியில் விரலை நுழைத்துப் பார்த்தார். கடைசி முட்டு விழுந்து தெருவில் உருண்டது. அவர் விரலை நுழைத்தார். அப்படியே போய் வந்தது.

"நகரல" என்றார்.

டீச்சர் மட்டும் மேலே ஏறிப் போனார். யாரும் தடுக்கவில்லை. நாலடியையும் நடந்து விளிம்பு வரை போய் நின்றார். தெரு முழுக்கத் தெரிந்தது. பின்னால் வாளி வைக்கிற சத்தம் கேட்டது. ஓரகத்தி துடைப்பமும் வாளித் தண்ணீருமாக வந்திருந்தாள். டீச்சரைப் பார்க்காமல், ஒரு மாதத்துச் சிமெண்ட் தூசியைக் கழுவிவிட வாளியைச் சாய்த்து ஊற்றினாள்.

தண்ணீர் பரவியது. ஒரு கணம் யோசிப்பதுபோல் நின்றது. பிறகு தெருப் பக்கம் விட்டிருந்த ஓட்டையை நோக்கிப் போகாமல், மெல்ல, ஒரே சீராக, அறைக் கதவை நோக்கி நகர்ந்து நிலையைத் தாண்டி உள்ளே போனது.

அவள் துடைப்பத்தைப் பிடித்தபடி அதையே பார்த்தாள்.

"அக்கா, இங்க வாங்க."

டீச்சர் திரும்பினார்.

"தண்ணி உள்ள ஓடுதே. வெளியதான ஓடணும்?"

டீச்சர் குனிந்து பார்த்தார். அவளிடமிருந்து வாளியை வாங்கி மிச்சத்தையும் ஊற்றினார். அதுவும் உள்ளேதான் போனது. "வெளியதான் ஓடணும். படத்துல வெளிய சாய்ச்சுதான் போட்டிருந்தேன்" என்றார். சொன்ன பிறகு ஒரு சின்னச் சந்தேகம் வந்து முகத்தில் தெரிந்தது. "போட்டிருந்தேன்னுதான் நினைக்கிறேன்."

ஓரகத்தி கைப்பிடி இல்லாத விளிம்பிலிருந்து எட்டிக் கூப்பிட்டாள். மேஸ்திரி வந்தார், தாளோடு வந்தார். பார்த்தார். அம்புக்குறி தெருவைப் பார்த்துத்தான் இருந்தது.

"இது..." என்றார். "அன்னைக்கு இருட்டிட்டு வந்துச்சா. மட்டப்பலகையை அவசரத்துல..."

"இதுவும் வேணும்னே போட்டதா?" என்றாள் அவர் மனைவி.

"இல்லடி. இது நிஜத் தப்பு. என்னோடது."

டீச்சருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தார். ஓரகத்தி அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் உதடு கோணியது. இருவரும் சிரிக்கத் தொடங்கியதும் மேஸ்திரி பாவமாக நடுவில் நின்றார்.

"பெரிய விஷயம் இல்ல அண்ணி. தரை பூசும்போது அரை அங்குலம் ஏத்தி சாய்ச்சு விட்டுடலாம். நாளைக்கே பண்ணிடறேன்."

"நாளைக்கு வேண்டாம்" என்றாள் அவர் மனைவி. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, சேலை முந்தியால் கையைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா, சனிக்கிழமை உங்க காலேஜ் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க. அந்த வண்டிக்காரப் பொண்ணும் வரட்டும். மேல விட்டு நல்லா பாக்கச் சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க. வாளியை மட்டும் இங்கயே வச்சிடறேன்."

"சனிக்கிழமைக்குள்ள மழை வந்தா வீட்டுக்குள்ள தண்ணி வருமே" என்றார் மேஸ்திரி.

"வரட்டும்" என்றாள் அவள். "நானும் அக்காவும் துடைச்சுக்குவோம்."